சுத்தக் காற்று எலிகளின் நுரையீரலில் ஓர் இழை

இந்த மாதக் கடைசியோடு நான் இந்த ஆய்வகத்தை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயது இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோய்க்கூறியல் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி இயக்குநர் கேட்டார். என் வழக்கப்படி முதலில் ஒரு பட்டியல் போட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால், செயல்முறைக் கோப்பில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இன்னொரு தடவை எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தக் கோப்பை நீங்களே படித்துக்கொள்ளலாம். தலையணைப் பஞ்சு ஆய்வில் என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

இதில் ஷீபா வருகிறாள். முதல் நாள் உங்களுக்கு விலங்கறையைச் சுற்றிக் காட்டினாளே, அதே ஷீபாதான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம், ஆனா என்ன அழுமூஞ்சி ஆக்கிப்போடாதீங்க" என்றாள். ஆக்கவில்லை.

குளத்தூர்ப் பக்கம் தலையணையும் மெத்தையும் செய்யும் சிறிய ஆலை ஒன்று இருக்கிறது. உள்ளே அடைப்பது பருத்தி இல்லை, பாலியஸ்டர் இழை. அமுக்கிக் கட்டிய மூட்டைகளாக வரும். அதைப் பிரித்து ஒரு இயந்திரத்தின் வாயில் கொடுத்தால், உள்ளே இருக்கும் இரும்புப் பற்கள் பிய்த்துப் பிய்த்து மேகம் மாதிரி வெளியே தள்ளும். அந்த வாயருகே நின்று இழையைக் கொடுக்கும் பெண்களுக்கு மாறாத இருமல் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மழைக்காலச் சளி என்று மருந்து வாங்கிக் குடித்தார்கள். மழை போயிற்று, இருமல் போகவில்லை.

ஆலைக்காரர் சுகுமாரன் கெட்ட மனிதர் இல்லை. தொழிலாளர்கள் கேட்டதும், பார்த்துவிடலாம் என்று எங்களிடம் வந்தவர் அவர்தான். முதல் கூட்டத்தில் அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"டாக்டரே, இது பருத்திப் பஞ்சு இல்ல, கேட்டியளா. பருத்தின்னா தூசி வரும், ஒத்துக்கிடுகேன். இது கம்பெனி சாதனமாக்கும். வெள்ளத்தில கிடந்தாலும் அழுகாது, பூச்சியும் அரிக்காது. அது எப்படி மனுசனுக்குக் கேடு செய்யும்?"

"அழுகாதுங்கதுதான் அண்ணே சிக்கல்" என்றேன். "உள்ள போனா உள்ளயே கிடக்கும்."

"எப்படி உள்ள போகும்? ஒரு இழைய எடுத்துப் பாருங்க. தலைமுடி கணக்கா இருக்கு. மூக்குல ஏறினா தும்மிப்போட மாட்டமா?"

அது நியாயமான கேள்வி. முழு இழை மூக்கைத் தாண்டாது. ஆனால் இயந்திரப் பற்கள் இழையைப் பிரிக்க மட்டும் செய்வதில்லை, கிழிக்கவும் செய்கின்றன. கிழிந்த சிம்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. அவை நுரையீரலின் அடிவரை போகும். போனால் என்ன ஆகும் என்று எலிகளை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. கூட்டத்தில் ஆலைப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும் சுகுமாரன் சொன்னார்: "ரிப்போர்ட்டு வரட்டு. தெளிவாட்டு இருந்தா மெஷின மூடி, பைப்பு போட்டு, காத்த இழுத்து வெளிய விடுகதுக்கு நான் ஏற்பாடு செய்யுகேன். இது எனக்க வாக்கு."

தெளிவாக இருந்தால். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

இயந்திர வாயில் நின்ற பெண்களில் ஒருத்தி லிசி. ஷீபாவின் அக்கா. இது எங்கள் யாருக்கும் ரகசியம் இல்லை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு ஆய்வகத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் சொந்தபந்தம் இல்லாத ஆய்வு வேண்டும் என்றால் கிடைக்காது. ஒரே சபையில் பாட்டுப் பாடுபவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அதனால்தான் இங்கே ஸ்லைடுகளுக்குக் குறியீட்டு எண் போடுகிறோம். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல்தான் நான் வாசிப்பேன். வாசித்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே குறியீட்டைப் பிரிப்பார்கள்.

குழுக்கள் நான்கு. ஒன்றுக்கு வடிகட்டிய சுத்தக் காற்று. மற்ற மூன்றுக்கும் ஆலையிலிருந்து கொண்டுவந்த தூசி, கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று. ஒரு வேலை நாள் அளவுக்கு எலிகள் கண்ணாடி அறைக்குள் அதைச் சுவாசிக்கும். பிறகு விலங்கறையில் அவற்றின் சொந்தக் கூண்டுக்குத் திரும்பும். சில மாதங்கள் இப்படி. முடிவில் பெரும்பாலானவற்றை மயக்கி, வலியில்லாமல் சாகச் செய்து நுரையீரலை எடுத்து, மெல்லிய சீவல்களாக ஸ்லைடில் ஒட்டுவோம். ஒவ்வொரு குழுவிலும் சிலவற்றை மட்டும் விட்டுவைத்து, தூசி இல்லாத காற்றில் இன்னும் சில மாதங்கள் வளர்ப்போம். கேடு மாறுகிறதா என்று பார்க்க. இதை இரண்டு தொகுதிகளாகச் செய்தோம்; முதல் தொகுதியின் ஸ்லைடுகளை நான் வாசிக்கும்போது இரண்டாவது தொகுதி இன்னும் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

நுண்ணோக்கியில் ஒளியை ஒரு திசைக்குக் கட்டுப்படுத்தும் கண்ணாடிகளைப் போட்டுத் திருப்பினால் மற்றதெல்லாம் இருண்டுவிடும், பாலியஸ்டர் மட்டும் மின்னும். முதல் தடவை பார்க்கும்போது அழகாக இருக்கும். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு அதே இடத்தைப் பார்க்க வேண்டும். தூசியை விழுங்கி அப்புறப்படுத்தும் உயிரணுக்கள் நுரையீரலில் உண்டு. சின்னச் சிம்பு என்றால் அவை விழுங்கிக்கொண்டு நகர்ந்துவிடும். தன் உடலைவிட நீளமான சிம்பைப் பிடித்த அணு, அதை முழுசாக விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் சிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி மற்ற அணுக்கள் கூடும். மூச்சுக்குழலின் மெல்லிய கிளைகளைச் சுற்றி அவை கூட்டம் கூட்டமாக அடைந்து, சுவர் தடித்து, வழி குறுகிவிடும்.

சில எலிகளில் இது அப்பட்டமாக இருந்தது. வேறு சிலவற்றில் ஒன்றிரண்டு சிம்பு மட்டும் தெரிந்தது, திசு அமைதியாக இருந்தது. அவற்றைக் கொஞ்சம் தூசி பெற்ற குழு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். மனதுக்குள் அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. வைத்துக்கொள்ளாமல் இருக்க யாராலும் முடியாது என்பது உண்மை. குறியீடு பிரித்த அன்று பார்த்தால், ஒன்றிரண்டு சிம்பு இருந்தவற்றில் சில சுத்தக் காற்றுக் குழு.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே தூசி படாமல் வைத்திருந்த எலிகள். அவற்றின் நுரையீரலில் ஆலைப் பஞ்சு.

இப்படி ஒரு நிலை உங்களுக்கும் வரும். அப்போது யாரையும் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன் தனியாக உட்கார்ந்து, எந்தெந்த வழியில் இது நடந்திருக்கக்கூடும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு மிகவும் வசதியான வழி எதுவோ அதை முதலில் சோதியுங்கள். எனக்கு வசதியான வழி, ஸ்லைடு தயாரிக்கும்போது மேலே தூசி விழுந்திருக்கும் என்பது. அப்படி விழுந்திருந்தால் சிம்பு திசுவுக்கு மேலே கிடக்கும். நுண்ணோக்கியைத் திருகிச் சிம்பைத் தெளிவாக்கினால் திசு மங்கும், திசுவைத் தெளிவாக்கினால் சிம்பு மங்கும். நான் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத் தெளிந்தன. ஒரு சிம்பு விழுங்கணுவின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. செத்த எலி எதையும் விழுங்காது. உயிரோடு இருக்கும்போது சுவாசித்ததுதான்.

அடுத்து கண்ணாடி அறையின் காற்று. சுத்தக் காற்று அறையில் தூசியைப் பிடிக்க வைத்து எடுத்த வடிதாள்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அங்கே தவறில்லை. மிச்சம் விலங்கறை.

மதியம் கழிந்து, இரண்டாவது தொகுதி எலிகள் கூண்டுக்குத் திரும்பும் நேரத்தில் நானும் மேலங்கி மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் விலங்கறைக்கு இரண்டு வாசல் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நுழையும் வாசலருகே சுத்தக் காற்றுக் கூண்டுகள். அடுத்து கொஞ்சம், நடுத்தரம். வெளியேறும் வாசலருகே அதிகம். நுழைகிறவர் சுத்தமானதில் தொடங்கி, தூசி அதிகமானதில் முடித்து, அந்தப் பக்கமாகவே வெளியே போக வேண்டும். சுவரில் அம்புக்குறி போட்டு ஒட்டியிருக்கிறது.

ஷீபா வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்புக்குறியைத் தாண்டி, சுத்தக் காற்றுக் கூண்டுகளைத் திரும்பியும் பார்க்காமல், நேரே கடைசிக்குப் போனாள்.

"வாறேன் மக்கா, வாறேன். இன்னைக்கும் மூச்சு முட்டிச்சா? வெள்ளம் குடி. எலே, நீ எதுக்கு அவள இடிக்க? அவளே கெதியில்லாம கிடக்கா."

கூனிக்கொண்டு மயிர் சிலிர்த்துக் கிடந்த ஒரு எலியை எடுத்து நெஞ்சோடு அணைத்துத் துணியால் துடைத்தாள். மயிரில் ஒட்டியிருந்த தூசி அவள் மேலங்கியில் அப்பியது. படுக்கையை உதறி மாற்றினாள். ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி வந்து, கடைசியில் சுத்தக் காற்றுக் கூண்டுகளைத் திறந்து குனிந்தாள்.

"ஷீபா, எப்பவும் அங்கேருந்துதான் தொடங்குவியா?"

"பின்ன? அதுங்கல்லா தீனம் பிடிச்சுக் கிடக்கு. இதுங்களுக்கு என்ன கேடு? குத்துக்கல்லு மாதிரி இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில சீரியஸ் கேஸ விட்டுப்போட்டு, வீட்டுக்குப் போகப்போற ஆளுக்கா முதல்ல காப்பி குடுப்பாவ?"

அவள் இங்கே வருவதற்கு முன் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். முடியாதவர்களுக்கு முதலில். அது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத நெறி. அம்புக்குறிக்கு நாங்கள் காரணம் எழுதவில்லை. காரணம் தெரியாத அம்புக்குறி அவளுக்கு வழி காட்டவில்லை, அறையின் அமைப்பைத்தான் காட்டியது.

ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை அவள் மேலங்கியின் நெஞ்சில் ஒற்றி எடுத்தேன். இன்னொன்றைச் சுத்தக் காற்றுக் கூண்டின் மூடியில். இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்து அவளையே பார்க்கச் சொன்னேன். இரண்டும் மின்னின. கண்ணை எடுத்தபோது அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

"நான்தானா கொண்டுபோய்க் குடுத்தது?"

"ஆமா."

"நல்லது செய்யுகேன்னு நெனச்சேன் மேடம்."

"தெரியும்."

அடுத்து அவள் கேட்டது நான் எதிர்பார்த்தது இல்லை. வேலை போய்விடுமோ என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"என்ன வேணும்னா நாளைக்கே போகச் சொல்லுங்க. ரிப்போர்ட்டில இத எழுதாதீங்க. லிசி அக்கா அந்த மெஷினுக்க வாயிலயாக்கும் நிக்கா. தெளிவாட்டு வந்தாதான் பைப்புன்னு முதலாளி சொன்னாருல்லா? இத எழுதினியன்னா அவரு இதையே பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் செஞ்ச கோளாறுக்கு அவ எதுக்கு மூச்சு முட்டணும்?"

இயக்குநரிடம் போனேன். அவர் எழுதாதே என்று சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்லைடு தயாரிக்கையில விழுந்திருக்க வாய்ப்பே இல்லன்னு நீங்க உறுதியா சொல்ல முடியுமா?" கொஞ்சம் தயங்கியிருந்தால் போதும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பெரிய தவறுகள் நம்மிடம் உத்தரவாக வருவதில்லை, இப்படி ஒரு கேள்வியாகத்தான் வரும். முடியும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ எழுதுங்க" என்றார்.

அன்று மாலை என்னை உறுத்தியது வேறு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் முடிவு மாறாது. அதிகத் தூசி எலிகளின் நுரையீரலும் சுத்தக் காற்று எலிகளின் நுரையீரலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல இருந்தன. ஒன்றிரண்டு சிம்பு அந்த வித்தியாசத்தைத் தொடக்கூட இல்லை. முடிவு உண்மை, நோக்கமும் நல்லது. மறைத்தால் யாருக்கும் நட்டமில்லை, எழுதினால் லிசிக்கு நட்டம் வரலாம். பிறகு ஏன் எழுத வேண்டும்?

நான் கண்ட பதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஸ்லைடுகள் அலமாரியில் இருக்கின்றன. நாளை யாராவது எடுத்து அந்தக் கண்ணாடியைத் திருப்பினால் அவர்களுக்கும் மின்னும். அப்போது, இவள் இதை மறைத்தாள் என்றால் வேறு எதையெல்லாம் மறைத்தாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் முன்னால் அதிகத் தூசி எலிகளின் நுரையீரலும் சேர்ந்து பொய்யாகிவிடும். ஷீபாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க எல்லோர் மேசைக்கும் அவள் கையால் தேநீர் வந்தது, என் மேசைக்கு வரவில்லை.

அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், முடிவை அது எவ்வளவு பாதிக்கிறது, எவ்வளவு பாதிக்கவில்லை. ஷீபாவின் பெயரை எழுதவில்லை. வேலை வரிசை மாறியது என்று எழுதினேன். அம்புக்குறிக்குக் கீழே, தமிழிலும் மலையாளத்திலும், காரணத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டினோம்.

ஷீபா சொன்னபடியே நடந்தது. சுகுமாரன் அறிக்கையோடு வந்து அந்தப் பத்தியில் விரலை வைத்தார்.

"நல்ல காத்து குடிச்ச எலிக்கும் உண்டுல்லா டாக்டரே? அப்போ இது எங்கயும் உள்ளதுதானே. நம்ம ரோட்டில இல்லாத தூசியா? நான் செய்ய மாட்டேன்னு சொல்லல. அடுத்த வருசம் இன்னொருக்க சோதிச்சிட்டு, தெளிவாட்டு வந்தா பாப்போம்."

அவரோடு வாதாடவில்லை. நுண்ணோக்கியில் உட்கார வைத்தேன். முதலில் அதிகத் தூசி எலியைக் காட்டினேன். குழல் எங்கே, சுவர் எங்கே, காற்று போகும் வழி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சுட்டிக் காட்டினேன். பார்த்தார், ம் என்றார். ஆலையில் தினமும் இருமல் கேட்கிறவருக்கு அது புதிய செய்தி இல்லை. பிறகு சுத்தக் காற்று எலியைக் காட்டி, "இதிலே திசுவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அந்த மின்னுறது உங்க ஆலைப் பஞ்சுதான்" என்றேன்.

"இது மெஷின் காத்து குடிக்காத எலின்னு சொன்னியளே?"

"குடிக்கல."

"பின்ன எப்படி வந்து?"

"பாத்துக்கிட்ட ஆளுக்க உடுப்பில ஒட்டி."

"உடுப்பில ஒட்டியா?" நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். "அந்த ஆளு பஞ்சு மெஷினுக்குப் பக்கத்தில போகல்ல. தூசி பட்ட எலியத் தொட்டாங்க, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவர் மறுபடியும் கண்ணை வைத்தார். அதிகத் தூசி எலிக்குக் கொடுத்ததைவிட அதிக நேரம் இதற்குக் கொடுத்தார். "எனக்க வீட்டுக்காரி கணக்கு எழுதுகது மெஷினுக்கு அங்கோட்டு உள்ள ரூமிலயாக்கும்" என்றார், என்னிடம் சொல்வது போல இல்லாமல். "பெண்ணுங்க எல்லாம் அவகிட்ட வந்துதான் கையெழுத்துப் போடும்." எழுந்து, அறிக்கையை மடித்து, "நான் ஒண்ணு ஆலோசிக்கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுத்தக் காற்று எலிகளை வைத்து, உடுப்பில் ஒட்டிப் போகும் தூசியும் கெடுக்கும் என்று நான் எழுதவில்லை. எழுதவும் கூடாது. அதைக் கண்டுபிடிக்க அமைத்த ஆய்வு இல்லை அது. அந்தத் திசு அமைதியாகத்தான் இருந்தது. நான் கண்டதைச் சொன்னேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவராகவே பயந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஷீபா என் மேசைக்குத் தேநீர் கொண்டுவந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் ஏதோ இருந்தது.

"கேட்டியளா மேடம், முதலாளி மறைப்பு போட்டிருக்காரு."

"மெஷினுக்கா?"

"மெஷினுக்கு இல்ல. முதலாளி வீட்டு அம்மைக்கு. கணக்கு எழுதுற ரூமுக்கு அலுமினியம் அடிச்சு, கண்ணாடி போட்டு, சுத்தி ரப்பர் வச்சு அடைச்சாச்சு. கையெழுத்துப் போட ஒரு ஓட்டை மட்டும் உண்டு, ரயில்வே டேசன் டிக்கெட்டுக் கவுண்டரு மாதிரி. கை உள்ள போகும், ஆளு போக முடியாது."

எனக்குச் சங்கடமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, கிடைத்தது ஒருத்தருக்கு மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஷீபா போகவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன? காலையில லிசி அக்கா மூட்டையப் பிரிக்கல்ல. மத்தவளுகளும் பிரிக்கல்ல. முதலாளி வந்து என்ன, ஏதுன்னு கேட்டிருக்காரு. அக்கா சொல்லியிருக்கா, 'முதலாளி, பஞ்சுத் தூசி ஒண்ணும் செய்யாதுன்னுதானே சொன்னிய. ஒண்ணும் செய்யாதுன்னா அம்மைக்கு எதுக்கு கண்ணாடி? செய்யும்னா எங்களுக்கு எங்க கண்ணாடி?' அவரு எலி ரிப்போர்ட்டு தெளிவில்லன்னு தொடங்கினாராம். 'ரிப்போர்ட்டு எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, கண்ணாடி வாசிக்கத் தெரியும்'னு இவ சொல்ல, எல்லாரும் வெளிய மரத்து மூட்டு நிழல்ல போய் உக்காந்தாச்சு."

"இப்போ?"

"இப்பவும் அங்கதான் இருக்காளுவ. அம்மையும் கண்ணாடிக்குள்ளேருந்து எறங்கி வந்து கூட உக்காந்திருக்காவளாம். உள்ள அவிச்சல் தாங்க முடியலியாம்."

சுகுமாரன் நெய்யாற்றின்கரையிலிருந்து தகர வேலைக்கு ஆள் கூட்டி வந்தார். இயந்திரத்தைத் தகரத்தால் மூடி, வாய்க்கு மேலே உறிஞ்சும் குழாய் வைத்து, தூசியை வெளியே ஒரு பைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பெண்கள் ஆலை உடுப்பை ஆலையிலேயே மாற்றிவிட்டுப் போக ஒரு தடுப்பறையும் கட்டினார். மறு ஆய்வைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு கூட்டம் எலிகள் போயிருக்கும்.

இதை நான் என் நேர்மைக்குக் கிடைத்த வெற்றியாக எழுதவில்லை. அந்தப் பத்தியால் வேலை தள்ளிப்போயிருக்கலாம், கிட்டத்தட்டத் தள்ளிப்போயிற்று. லிசி வேறு மாதிரிப் பெண்ணாக இருந்திருந்தால் இன்றைக்கும் அந்த வாயில் நின்று இருமிக்கொண்டிருப்பாள். கண்டதைக் கண்டபடி எழுதுவது நம் வேலை. அது என்ன செய்யும் என்பது நம் கையில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டால், அடுத்த தடவை விளைவைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவீர்கள். நல்ல மனதோடுதான் தொடங்குவீர்கள். ஷீபாவும் நல்ல மனதோடுதான் கடைசிக் கூண்டுக்கு முதலில் போனாள்.

விட்டுவைத்த எலிகளின் முறை பிறகு வந்தது. தூசி நின்று மாதங்கள் கழித்து அவற்றின் நுரையீரலை வாசித்தேன். கொஞ்சம் தூசி பெற்றவை பெரும்பாலும் தெளிந்திருந்தன. சின்னச் சிம்புகள் போய்விட்டன, கூடிய அணுக்கள் கலைந்திருந்தன. அதிகத் தூசி பெற்றவை பாதிதான் தெளிந்திருந்தன. நீளமான சிம்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தடித்த சுவர் தடித்தபடி நின்றது.

அந்த அறிக்கை முடிந்த நாட்களில் ஒரு மாலை, ஷீபாவைக் கூட்டிப் போக லிசி ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் இறங்கினாள்.

"மேடம், ஷீபா எல்லாம் சொன்னா. எனக்கு ஒண்ணு கேக்கணும். தூசிய நிறுத்தின பிறகு எலிக்கு மாறிச்சா?"

"கொஞ்சமாட்டு சுவாசிச்சதுக்கு மாறிச்சு. நிறைய சுவாசிச்சதுக்கு முழுசாட்டு மாறல்ல."

"அதுல நான் எதாக்கும்?"

எத்தனையோ எலிகளுக்குக் குழு பிரித்திருக்கிறேன். அவள் எத்தனை வருடம் நின்றாள், எவ்வளவு உள்ளே போயிற்று, இயந்திரம் பழசாகப் பழசாக எவ்வளவு அதிகமாகக் கிழித்தது, எதுவும் எனக்குத் தெரியாது. மாறிவிடும் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"தெரியாது லிசி. எலிய வச்சு அத என்னால சொல்ல முடியாது. நெஞ்சு டாக்டர்கிட்ட போய் மூச்சு ஊதிப் பாக்கிற சோதனை எடுத்துக்கிடணும். ஒரு தடவை இல்ல, இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப. கூடுதா குறையுதான்னு அதிலதான் தெரியும். எங்க ரிப்போர்ட்டையும் கொண்டுபோ, அவங்க பாக்கட்டு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எல்லாரும் மாறிப்போகும் மாறிப்போகும்னுதான் சொல்லுகாவ" என்றாள். "அதனால நான் டாக்டர்கிட்ட போகாமலே இருந்துட்டேன். நீங்க தெரியாதுன்னு சொன்னதுக்காச்சும் போகணும்லா." பிறகு, பின்னால் ஏறி உட்கார்ந்த தங்கையிடம், "ஏட்டி, நாளைக்கு உனக்கு லீவு உண்டா? நீ எலிக்கு வெள்ளம் குடுக்க நேரம் போக அக்காளுக்கும் கொஞ்சம் பாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் இருமினாள். முன்பெல்லாம் சிரிப்பின் நடுவிலேயே இருமல் வந்து அதை அறுத்துவிடும் என்று ஷீபா சொல்லியிருக்கிறாள். அது குணமாவதன் அடையாளம் என்று நான் சொல்ல மாட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.